யாயாவின் பிஸ்கட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செந்தூலில் சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். எல்லாரும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள். 'உனக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரம் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்ன?' என்று எழுதச் சொன்னேன். ஆசையாகத்தான் உட்கார்ந்து எழுதினார்கள். தாள்களை வாங்கிப் பார்த்தால் நன்னெறிக் கல்விப் பாடநூலைப் படிப்பது போல இருந்தது. நோபிதா சோம்பேறியாக இருக்கக் கூடாது, கோபால் பயப்படக் கூடாது, டாம் ஜெர்ரியைத் துரத்தக் கூடாது. ஒரு பையன் மட்டும், "அவன் கத்துக்கிட்டா அப்புறம் கதையே இருக்காதே டீச்சர்" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கார்ட்டூன்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள், அதனால் கேட்கிறேன். இந்தப் பயிற்சியில் ஏதாவது பயன் உண்டா? உண்டென்றால் எப்படி நடத்துவது? அல்லது உப்பின் இப்பின் மாதிரி நல்ல பிள்ளைகள் வரும் தொடர்களோடு நிறுத்திக்கொள்வதுதான் சரியா?

ஆர்., செந்தூல்

அன்புள்ள ஆர்.,

அந்தப் பையன் விஷயத்தைப் பிடித்துவிட்டான். அவன் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தொடராக வரும் கார்ட்டூனுக்குப் பாத்திரத்தின் குறைதான் கைமுதல். அதைச் செலவழித்துவிட்டால் அடுத்த வாரம் கடை திறக்க முடியாது. அதனால் பாத்திரம் அடிபடும், அழும், சில நேரம் மன்னிப்பும் கேட்கும். அடுத்த பகுதி தொடங்கும்போது ஒன்றுமே நடக்காதது போலப் பழைய இடத்தில் வந்து நிற்கும். டாம் 1940இல் துரத்த ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் அந்தக் குறையைத் தெரிந்தே காவல் காக்கிறார்கள். அப்படியிருக்க, 'என்ன பாடம்?' என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? குறையின் பெயரைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிடும். சோம்பேறிக்குச் சுறுசுறுப்பு, கோழைக்குத் துணிச்சல். பிள்ளைகள் மேல் தப்பில்லை, கேள்விதான் அப்படி.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். காரியம் எந்த இடத்தில் கெட்டது? அதற்குச் சற்று முன்னால் அவன் என்ன செய்திருந்தால் கெட்டிருக்காது? அவ்வளவுதான். குணத்தை விட்டுவிட்டுச் செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நோபிதாவையே எடுத்துக்கொள்வோம். அவனைச் சோம்பேறி என்று எழுதுவது சுலபம். ஆனால் பெரும்பாலான டோரேமான் கதைகளின் நடையைக் கவனியுங்கள். நோபிதாவுக்குத் தொல்லை வரும், அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடி வருவான், டோரேமான் என்னும் எந்திரப் பூனையின் பையிலிருந்து ஒரு கருவி வெளியே வரும், கருவி நன்றாக வேலை செய்யும். தொல்லை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதோடு கருவியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். கொடுக்க மாட்டான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுப்பான், அங்கேதான் எல்லாம் கவிழும். மனப்பாட ரொட்டிக் கதையைப் பிள்ளைகளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். புத்தகப் பக்கத்தின் மேல் ரொட்டித் துண்டை அழுத்தினால் எழுத்தெல்லாம் அதில் பதியும், தின்றால் அத்தனையும் மனத்தில் நிற்கும். பரீட்சைக்கு முன்னால் நோபிதா அளவுக்கு மீறித் தின்கிறான், வயிறு கலங்குகிறது, கழிப்பறைக்குப் போனதும் படித்ததெல்லாம் போய்விடுகிறது. இதில் அவன் கற்க வேண்டியது 'உழைத்துப் படி' என்பது மட்டும்தானா? எத்தனை துண்டு போதும் என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொள்வது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இதைத் தானாகவே கண்டுபிடிக்கும், கேட்கிற விதத்தில் கேட்டால்.

டோரேமானை யாரும் கேள்வி கேட்பதில்லை. நோபிதாவை விட அவன்தான் அதிகம் கற்க வேண்டியவன். கருவியின் எல்லை தெரிந்தவன் அவன். அழுகைச் சத்தம் கேட்டதும் முதலில் கருவியைக் கொடுப்பான், எச்சரிக்கையைப் பிறகு சொல்வான், சில சமயம் சொல்வதற்குள் நோபிதா தெருவுக்குப் போயிருப்பான். அந்தப் பையையும் பாருங்கள். ஆபத்து வந்து பதறிவிட்டால் வேண்டியது கைக்கு வராது, சட்டி பானை வகையறாவெல்லாம் வெளியே பறக்கும். பையை ஒழுங்காக அடுக்கி வைப்பதும் ஒரு பாடம்தான். உங்கள் வகுப்பில் பள்ளிப் பையில் அழிப்பான் தேடுகிற பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

இனி போபோய்போய். 2011இல் வந்த நம் மலேசியத் தொடர், வியப்பான சக்தி பெற்ற சிறுவர்களின் கதை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் கோபாலைத்தான் எடுப்பார்கள், அவன் பெயரும் முகமும் நம்முடையவை என்பதால். அவனுக்குக் கொடுத்திருப்பது பயமும் பசியும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. தமிழ்ப் பையன் என்றதும் சிரிப்புக்கு உரியவனாக்குவது நம் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கைவந்த பழக்கம். ஆனாலும் கோபாலின் சக்தி என்னவென்று பாருங்கள்: எதிரே வருவதை உணவுப் பண்டமாக மாற்றுவது. அவனுடைய பசியிலிருந்தே சக்தியைச் செய்திருக்கிறார்கள், அது நல்ல எழுத்து. 'பயப்படக் கூடாது' என்று எழுதுகிற பிள்ளையிடம், பயந்துகொண்டே அவன் சண்டைக்கு வந்து நின்ற இடங்களைத் தேடச் சொல்லுங்கள், நிறையக் கிடைக்கும். அவன் உண்மையிலேயே கற்க வேண்டியது வேறு. போபோய்போயின் தாத்தா தோக் அபாவின் கொக்கோ கடையில் குடித்த பானத்துக்குக் காசு கொடுப்பது. கடன் சொல்லிவிட்டு நழுவுவது அந்தத் தொடரின் நிரந்தர வேடிக்கை. இதைச் செயலாக எழுதலாம்: குடிப்பதற்கு முன் விலை கேட்பான், கையில் இருக்கிறதா என்று பார்ப்பான்.

அதே தொடரில் யாயா. உங்கள் வகுப்புக்கு இவளை விடச் சிறந்த பாத்திரம் கிடையாது. கெட்டிக்காரி, ஒழுங்கு தவறியவர்களின் பெயரைக் குறித்துக்கொள்கிறவள். அவள் சுடும் பிஸ்கட்டை வாயில் வைக்க முடியாது, தின்றவர்கள் சுருண்டு விழுவார்கள். அவளுக்கு அது தெரியவே தெரியாது, அன்போடு இன்னொன்று நீட்டுவாள். பிள்ளைகள் உடனே 'யாயா சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று எழுதுவார்கள். அங்கே நிறுத்துங்கள். அவள் ஏன் இதுவரை கற்கவில்லை? நீட்டுவதற்கு முன் தானே ஒரு துண்டு கடித்துப் பார்ப்பதில்லை, அது ஒன்று. இன்னொன்று, நண்பர்களில் ஒருவராவது முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பயந்து ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், அடுத்தவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அப்படியானால் பாடம் கற்க வேண்டியவர்கள் யாயாவைச் சுற்றி நிற்பவர்கள். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று இரண்டு வரி வசனம் எழுதச் சொல்லுங்கள். 'நன்றாக இல்லை' என்றால் போதாது. உப்பு கூடியதா, மாவு வேகவில்லையா, அடி கருகியதா என்று சொல்ல வேண்டும். வகுப்பு கலகலப்பாகிவிடும்.

அதே தொடரின் வில்லன், வேற்றுக்கிரகத்து அடு டு, பூமிக்கு வந்ததே கொக்கோவுக்காக, அதுதான் அவனுக்கு எரிசக்தி. கொக்கோ விற்கிற கடை தெருவிலேயே திறந்திருக்கிறது. விலை கேட்டானா பாவி!

இப்போது நடத்தும் முறை. 40 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் பகுதிகளை எடுக்காதீர்கள், பார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். 6, 7 நிமிடத்தில் முடியும் பழைய குறும்படங்களே தோது. முதல் வாரத்துக்கு வசனம் இல்லாதது வேண்டும். 1949இல் தொடங்கிய ரோட் ரன்னர் படங்கள் ஏதாவது ஒன்று போதும். வசனம் இருந்தால் பிள்ளைகள் அதைத்தான் திருப்பி எழுதுவார்கள். இல்லையென்றால் கண்டதைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் முறை நிறுத்தாமல் ஓட்டுங்கள், சிரித்து முடிக்கட்டும். சிரிக்க விடாமல் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். பிறகு நான்கு பேருக்கு ஒரு மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்), அதில் மூன்று கட்டங்கள்: என்ன வேண்டும், என்ன செய்தான், எங்கே கெட்டது. இரண்டாம் முறை ஓட்டும்போது கெட்டது என்று தோன்றுகிற இடத்தில் பிள்ளைகளே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லட்டும். திரையில் தெரியும் நிமிடத்தையும் நொடியையும் மூன்றாம் கட்டத்தில் குறிக்க வேண்டும். நேரம் எழுதாத பதிலை வாங்காதீர்கள். 'அவன் கெட்டவன்' என்கிற வகைப் பதிலுக்கு நேரம் எழுத முடியாது, அதனால் அது தானாகவே உதிர்ந்துவிடும்.

நான்காவதாகத் தாளின் அடியில் ஒரு வரி: அந்த நொடிக்கு முன்னால் அவன் என்ன செய்திருக்கலாம். 'கூடாது' என்கிற சொல்லுக்குத் தடை. கையால், காலால், வாயால் செய்யக்கூடிய வினையாக இருக்க வேண்டும்: சுவைத்துப் பார்ப்பான், எண்ணுவான், கேட்பான், கயிற்றை இழுத்துப் பார்ப்பான். ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் கொயோட்டி (ஓநாய் போன்ற விலங்கு) இதற்கு வசதியானது. ஆக்மி என்னும் நிறுவனத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும், கருவியை ஒரு தரம் பயன்படுத்தும், அடிபடும், அடுத்த காட்சியில் வேறு கருவி. எது பிசகியது என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை. சுருள் வில்லா, பாறையா, தான் நின்ற இடமா? பல சமயம் கருவியில் பெரிய பழுதே இருக்காது, நின்ற இடத்தை இரண்டடி மாற்றினால் போதும். பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் மிகவும் பிடிக்கும்.

என்னென்ன கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு மாதிரி விடை சொன்னால் எல்லாத் தாளிலும் அதுவே வரும், எனவே சொல்லாதீர்கள். வேண்டுமானால் வகுப்பில் யாரும் எடுக்காத பாத்திரத்தை வைத்துக் காட்டுங்கள். 'இவனும் நோபிதா மாதிரிதான் டீச்சர்' என்று ஒரு குரல் கட்டாயம் வரும். முதல் நாளே விதி போட்டுவிடுங்கள்: திரையில் இருப்பவரைப் பற்றி மட்டுமே பேச்சு, வகுப்பில் இருப்பவர் பெயர் வரக் கூடாது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு நோபிதாவை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். அது வீடு வரை போய் வலிக்கும்.

ஜெயிக்கிறவர்களையும் ஒரு வாரம் விசாரியுங்கள். டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படத்தில் பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர். இன்னும் ஒரு பொருள் உடைந்தால் வீட்டை விட்டு வெளியே என்று அதற்குக் கடைசி எச்சரிக்கை கிடைக்கிறது. எலி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, கண்ணாடிச் சாமான்களைக் கீழே போடப்போவதாக மிரட்டி ஆட்டிவைக்கிறது. எலிக்கு என்ன பாடம் என்று கேளுங்கள். சின்னதாக இருப்பவர் பக்கம்தான் நியாயம் என்று பழகிய பிள்ளைகள் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். சாங் கஞ்சிலும் அப்படித்தான். நம் நாட்டின் தொடக்க காலக் கார்ட்டூன் படங்களில் ஒன்றாக ஆனந்தம் சேவியர் உருவாக்கி 1983இல் தொலைக்காட்சிக்கு வந்த சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்க வைத்து ஆற்றைக் கடந்த கெட்டிக்காரன், நாட்டுப்புறக் கதையில் நத்தையிடம் பந்தயத்தில் தோற்கிறான். கரையோரம் நெடுக வேறு வேறு நத்தைகள் இருந்து குரல் கொடுத்தன. பதில் சொன்னது அதே நத்தைதானா என்று குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

உப்பின் இப்பின் பற்றிக் கேட்டீர்கள். அதோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை, அதை ஒதுக்கவும் வேண்டாம். 2007இல் நோன்பு மாதத்துக்காகத் தொடங்கிய தொடர் அது, கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம். அதனால் அங்கே பிள்ளைகள் அவ்வப்போது உண்மையிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனாலும் இடைவெளி இருக்கிறது. இரட்டையரில் உப்பின் ஐந்து நிமிடம் மூத்தவன், அவன் சொல்வதற்கெல்லாம் இப்பின் 'பெத்துல், பெத்துல், பெத்துல்' (சரி, சரி, சரி) போடுகிறான். ஒரு நாளாவது 'இல்லை' என்று சொல்ல வேண்டிய இடம் எது என்று தேடச் சொல்லுங்கள்.

அதே தொடரில் வரும் மாயிலை ஐந்தாம் ஆண்டுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பொரித்த கோழியை 'இரண்டு ஒரு வெள்ளி' (இரண்டு துண்டு ஒரு ரிங்கிட்) என்று கூவி விற்கிறவன், உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் கற்க வேண்டியது விலை போடுவது. 2023 அக்டோபர் வரை அரசு வைத்திருந்த உச்ச விலைப்படி முழுக் கோழி கிலோ 9 வெள்ளி 40 காசு. 100 கிராம் துண்டு ஒன்று என்றால் பச்சைக் கோழிக்கே 94 காசு, இரண்டுக்கு 1 வெள்ளி 88 காசு. ஒரு வெள்ளிக்குக் கொடுத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் 88 காசு கையை விட்டுப் போகிறது. இதில் எலும்பு, தோல் கழிவைச் சேர்க்கவில்லை. எண்ணெய், மாவு, மஞ்சள்தூள், எரிவாயு விலையை அவரவர் வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். துண்டு எத்தனை கிராம் இருக்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதை அடுத்த சனிக்கிழமை அவர்களே பலகையில் போட்டுக் காட்டட்டும்.