‘எல்லா இடத்திலும் சொல்லியாகிவிட்டது’ என்று முகவர் சொன்னால்

கேள்வி: எனக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறுதியானது. அடுத்த மாதம் பத்து நாள் குழுச் சுற்றுலாவாக வெளிநாடு செல்கிறேன். வழியில் ஒருமுறை விமானம் மாற வேண்டும். குளூட்டன் இல்லாத உணவுக்கு எல்லா இடத்திலும் சொல்லிவிட்டதாகக் கூறிப் பயண முகவர் தனிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார். நான் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் அவர் சொன்னது உண்மையா என்று பாருங்கள். குளூட்டன் இல்லாத உணவுக்கு விமான நிறுவனங்கள் ‘ஜிஎஃப்எம்எல்’ என்ற குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. அது உங்கள் முன்பதிவில் ஏறியிருக்கிறதா என்பதை நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயணச்சீட்டிலேயே சாப்பாடு அடங்கும் விமானங்களில் இதற்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் கிடையாது என்பதால், எதற்காகப் பணம் வாங்கினார் என்று ரசீதோடு கேளுங்கள். சைவ உணவு என்று பதிந்துவிட்டு, சிறப்பு உணவு சொல்லியாகிவிட்டது என்று கைகழுவும் முகவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சைவத்தில் கோதுமை இருக்காது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ!

இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியே, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாவது கோரிக்கை பதிவாகியிருக்க வேண்டும்; சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கும். கடைசி நேரத்தில் உங்களை வேறு விமானத்துக்கு மாற்றினால், பெயரும் பெட்டியும் உங்களோடு வந்து சேரும், உணவுக் கோரிக்கை மட்டும் பழைய விமானத்திலேயே தங்கிவிடுவது உண்டு. இத்தனை ஆண்டுகளாகியும் இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனவே ஒரு வேளைக்கான கெட்டியான உணவு கைப்பையில் இருக்கட்டும். பழம், இறைச்சி, பால் பொருள்களைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை என்பதால், அவற்றை இறங்குவதற்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள்.

பொட்டலங்களில் ‘குளூட்டன் இல்லாதது’ என்றிருந்தால், சர்வதேச உணவுத் தரநிலையின்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லை என்று பொருள். ‘கோதுமை இல்லாதது’ என்பது அதுவல்ல. பார்லியிலிருந்து வரும் மால்ட் அதில் தாராளமாக இருக்கலாம்.

ஓட்ஸ் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்ஸ் தன்னளவில் கோதுமை இனம் அல்ல. சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸ் ஆகாது. கலப்பில்லாமல் தனியாக விளைவித்து, ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறித்த ஓட்ஸ்தான் ஆகும். அதுவும் ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஐரோப்பிய நாடுகளில் அப்படிக் குறித்து விற்கப்படும் ஓட்ஸை, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதே பெயரில் விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரே தானியம் எல்லை தாண்டினால் வேறாகிவிடுகிறது! ஊரில் மருத்துவர் ஒப்புதலோடு ஓட்ஸ் சாப்பிட்டுப் பழகாதவர் பயணத்தில் தொடங்க வேண்டாம்.

உணவகத்தில் ‘குளூட்டன்’ என்ற சொல் மட்டும் போதாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று பெயர்களையும், சோயா சாஸ் சேர்க்கக் கூடாது, ரொட்டித்தூள் தோய்த்தவை பொரித்த எண்ணெயில் என் உணவைப் பொரிக்கக் கூடாது என்பதையும் அந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, சமையல்காரரின் கைக்கே போகும்படி கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் உணவில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருக்கிறதா என்ற விவரத்தைச் சொல்லக் கடமைப்பட்டவை.

குளூட்டனைச் செரிக்க வைப்பதாகச் சொல்லிப் பயணிகளிடம் விற்கப்படும் என்சைம் மாத்திரைகளை நம்பி ஒரு துண்டு ரொட்டிகூடத் தின்னாதீர்கள். சீலியாக் நோயாளி அவற்றை விழுங்கிவிட்டுக் கோதுமை உண்ணலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கடைசியாக, தங்கும் விடுதிகளின் பெயரையும் தொடர்பு முகவரியையும் முகவரிடம் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் நீங்களே எழுதிப் பதில் பெறுங்கள். அந்தப் பட்டியலைத் தர அவர் இழுத்தடித்தால், அவர் இன்னும் எந்த விடுதியிடமும் பேசவில்லை என்று வைத்துக்கொண்டு மூட்டையைக் கட்டுங்கள்.