நட்பும் பதற்றமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதின்பருவ நட்பைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நெருங்கிய நண்பர் பக்கத்தில் இருந்தாலே உடம்பில் பதற்றம் தணிகிறது என்று சொல்லியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடப்பது நேர்மாறு. என் மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த தெருப் பெண் ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு உயிர்த்தோழி. திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதிலிருந்து தினமும் இரவு ஒன்றரை மணி நேரம் இருவரும் போனில் பேசுகிறார்கள். பேசிவிட்டு வரும்போது அவள் கண்கள் வீங்கியிருக்கின்றன, கைகள் சில்லிட்டிருக்கின்றன. கணக்குத் தேர்வன்று காலை தோழியோடு சேர்ந்து போனவள் பள்ளி வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். சிறு வயதில் எந்தப் பயமானாலும் என் மடியில் படுத்தால் அடங்கிவிடும். இப்போது நான் அருகில் உட்கார்ந்தாலே "நீ போ அம்மா" என்கிறாள். தேர்வு முடியும்வரை இந்த நட்பை நிறுத்திவைக்கலாம் என்கிறார் அவள் அப்பா. எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் எழுதியது தவறா, என் மகளின் நட்பில்தான் ஏதேனும் கோளாறா?

ம.

அன்புள்ள ம.,

நான் எழுதியது தவறில்லை, ஆனால் பாதிதான். மீதியை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

அன்று நான் மனதில் வைத்திருந்தது கனடாவின் மொன்றியல் நகரில், கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேர், நான்கு நாட்கள், ஒரு நாளில் பலமுறை குறிப்பேட்டில் எழுதினார்கள்: சற்று முன் என்ன நடந்தது, யார் உடனிருந்தார்கள், என்னைப் பற்றி இப்போது எனக்கு என்ன தோன்றுகிறது. கூடவே உமிழ்நீரும் கொடுத்தார்கள். நெருக்கடி வரும்போது அட்ரீனல் சுரப்பி விடும் கார்டிசால் என்ற ஹார்மோனை உமிழ்நீரிலேயே அளந்துவிடலாம், ஊசி வேண்டாம். ஏதாவது கசப்பாக நடந்தபோது உற்ற நண்பன் உடனில்லாத பிள்ளைகளுக்குக் கார்டிசால் ஏறியது, தன்மதிப்பு சரிந்தது. நண்பன் உடனிருந்தபோது இரண்டும் அவ்வளவாக அசையவில்லை.

அந்தப் பிள்ளைகள் உங்கள் மகளைவிட நான்கைந்து வயது இளையவர்கள். அதை நான் போகிறபோக்கில் விட்டுவிட்டேன். அந்த நான்கைந்து வருடங்களில்தான் எல்லாம் மாறுகிறது.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் கன்னர் என்பவரின் குழு இதைத்தான் ஆராய்ந்தது. அவர்கள் கையாண்டது ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியான ஒரு சோதனை முறை. சில நிமிடங்களில் தயாராகி, முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும். பேசி முடித்ததும் மனக்கணக்கு. பெரிய எண்ணிலிருந்து ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கழித்துச் சொல்ல வேண்டும், தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்குத் தனி ஆய்வகம் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

9, 10 வயதுப் பிள்ளைகள் இந்தப் பேச்சுக்குத் தாயோடோ தந்தையோடோ உட்கார்ந்து தயாரானபோது கார்டிசால் அடங்கியே இருந்தது. 15, 16 வயதினருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெற்றோர் பக்கத்தில் இருந்தும் ஏறியது. ஆகவே "நீ போ அம்மா" என்பதை உங்கள் மீதான கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பருவமடையும் காலத்தில் மடியின் மருந்து வலுவிழக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் தாயின் இடத்துக்கு நண்பர் வந்திருப்பார் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதே குழுவினர் 2017இல் அதையும் வெளியிட்டார்கள். நண்பரோடு சேர்ந்து பேச்சுக்குத் தயாரான பதின்பருவத்தினருக்குக் கார்டிசால் குறைவதற்குப் பதில் கூடியது. உங்கள் மகளின் கணக்குத் தேர்வுக் காலை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

ஏன் இப்படி? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பதினைந்து வயதில் நண்பர் ஆறுதல் மட்டும் தருவதில்லை, பார்வையாளராகவும் இருக்கிறார். நாம் எப்படித் தெரிகிறோம் என்பதை அந்தக் கண்களில்தான் பார்க்கிறோம். என் பத்தாம் வகுப்புத் தேர்வில், மணி அடிக்கக் கால்மணி இருக்கும்போது, என் நண்பன் மிகுந்த பாசத்தோடு கேட்டான்: "ஏழாம் பாடத்தில் அந்தப் பெரிய கேள்வியைப் படித்துவிட்டாய்தானே?" படித்திருந்தேன். அவன் கேட்ட நொடியில் ஏழாம் பாடம் மொத்தமாகப் போய்விட்டது. அவனும் பயத்தில்தான் கேட்டிருப்பான் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் விளங்கியது.

இரவுப் பேச்சுக்கு வருகிறேன். இரண்டு பேர் ஒரே கவலையைத் திரும்பத் திரும்பப் பேசி, அது இப்படி ஆனால், அப்படி ஆனால் என்று கிளறிக்கொண்டே இருப்பதை மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமண்டா ரோஸ் 2002இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் தனியாகப் பெயரிட்டு ஆராய்ந்தார். சேர்ந்து அசைபோடுதல் என்று தமிழில் சொல்லலாம். பெண்பிள்ளைகளிடம் இது கூடுதல். விசித்திரம் என்னவென்றால், அப்படிப் பேசுபவர்களிடையே நட்பும் நெருக்கமாக இருக்கிறது, பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தில் பின்னர் இளம்பெண் தோழியரைப் பேசவிட்டு உமிழ்நீரை அளந்தபோது, இப்படி அசைபோட்டவர்களுக்குக் கார்டிசால் ஏறியிருந்தது. உங்கள் மகளின் நட்பில் கோளாறு ஏதுமில்லை. அது நல்ல நட்பு என்பதால்தான் இத்தனை தூரம் போகிறது.

அதனால் உங்கள் கணவரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். தேர்வு முடிவு மே மாதத்தில் ஒரு காலையில் வரும். மதிப்பெண் நினைத்ததற்குக் கீழே இருந்தால் அன்று அவளுக்குத் தோழி வேண்டும். அதற்கு முன் மூன்று மாதம் அப்பா பிரித்துவைத்த தோழியாக அவள் இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், சிறு வயதில் வீட்டில் துன்பப்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 14 வயதில் நல்ல நட்பு வாய்த்தவர்களுக்கு 17 வயதில் மனச்சோர்வு குறைவாக இருந்தது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேர்வன்று காலை மட்டும் இருவரும் தனித்தனியாகப் போகட்டும் என்பேன். மாலையில் சேர்ந்து திரும்பட்டும், ஆனால் வினாத்தாள் பையிலேயே இருக்கட்டும். இரவுப் பேச்சைக் குறைப்பதைவிட, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து இருவருக்கும் தோசை ஊற்றிக் கொடுங்கள், இருவரும் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் பந்து விளையாடட்டும். கைக்கு வேலை இருந்தால் வாய் கவலையை அசைபோடுவது தானாகக் குறையும். இதை உத்தரவாகச் சொல்லாமல் இருவரையும் உட்காரவைத்து இந்த ஆய்வுகளையே கதையாகச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் எச்சிலைப் பற்றிய கதை பிடிக்கும்.

கார்டிசாலை எதிரியாக நினைக்க வேண்டாம். தேர்வுக்குப் போகும்போது அது கொஞ்சம் ஏறத்தான் வேண்டும். இறங்காமல் நிற்பதுதான் தொல்லை. வாந்தியும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

தோழியின் அம்மாவிடமும் ஒருமுறை பேசிப் பாருங்கள். உங்கள் மகளைக் குற்றம் சொல்லி அவரும் இந்நேரம் யாருக்கேனும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம்.