பாளையில் சக்கரம் கட்டிப் பழகும் பிள்ளை ஐஸுக்குப் போக முடியுமா?

கேள்வி: ஒன்பது வயது மகள் பாளையங்கோட்டையில் ஸ்கேட்டிங் கிளாஸ் போகிறாள். டிவியில் ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸில் தாவியும் சுழன்றும் ஆடுவது) பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறாள். அந்த வீராங்கனைகளின் வாழ்க்கை எப்படிப் போகும்? ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள்? இங்கிருந்து எதைத் தொடங்கலாம்?

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் மிஷெல் குவான் 1980இல் பிறந்தவர். 13 வயதில், 1994 ஒலிம்பிக்குக்கு மாற்று வீராங்கனை. 1996இல் முதல் உலகப் பட்டம், 2003க்குள் மொத்தம் ஐந்து. ஒலிம்பிக்கில் 1998இல் வெள்ளி, 2002இல் வெண்கலம். தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. 2006 ஒலிம்பிக்குக்காக இத்தாலியின் டுரின் வரை போய், தொடையிடுக்குக் காயத்தால் போட்டியில் இறங்காமலே விலகினார். அப்போது வயது 25. நம்ம ஊரில் பி.எட். முடித்து வேலைக்கு அலைய ஆரம்பிக்கிற வயசு.

அதற்குப் பிறகு டென்வரில் பட்டப்படிப்பு, பிறகு சர்வதேச உறவுகளில் முதுகலை, 2022இல் பெலிஸ் நாட்டுக்கு அமெரிக்கத் தூதர். அவருக்கு முன்பே டென்லி ஆல்பிரைட் 1956இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை நிபுணரானார். மற்றவர்களில் பலர் பயிற்சியாளர், நடன அமைப்பாளர், வர்ணனையாளர் என்று ஐஸைச் சுற்றியே இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு இதில் இறக்குவது என்ற யோசனை இருந்தால் இன்றே கைவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது? மூன்று சுற்றுத் தாவலில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒரே காலில் விழுகிறது. எல்லாத் தாவலிலும் அதே கால். பெரும்பாலானவர்களுக்கு அது வலது கால். இடுப்பு, முதுகு, கணுக்கால் என்று வரிசையாகப் போகும். சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆக உயர்த்த 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முடிவெடுத்தது. சிறு பிள்ளைகளின் உடம்பைக் காப்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

பிளேடைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மார்க் போவதும் வருவதும் அதில்தான். சுமார் 4 மி.மீ. தடிமன். அடியில் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி ஒரு குழிவு; அதன் இரண்டு கரைகள்தான் உள் எட்ஜ், வெளி எட்ஜ். லுட்ஸ் என்ற தாவலில் இடது காலின் வெளி எட்ஜில் பின்னோக்கி நீளமாக வளைந்து வந்து, வலது பிளேடின் முனையில் இருக்கும் பல்லைக் குத்தி எழ வேண்டும். குத்துகிற அந்த நொடியில் பலருக்கு இடது கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துவிடும். எட்ஜ் மாறிவிட்டது, நடுவர்கள் வீடியோவில் பார்த்து மார்க்கை வெட்டுவார்கள். மூன்று சுற்று லுட்ஸுக்கு அடிப்படை மதிப்பு 5.9. அரைச் சுற்று குறைந்தால் அது இரண்டு சுற்றாகவே எண்ணப்பட்டு 2.1க்கு இறங்கிவிடும். விழுந்தால் தனியாக ஒரு மார்க் போகும்.

இந்த எட்ஜ் பழக்கத்தைச் சக்கரத்திலேயே தொடங்கலாம். ஆனால் ஒரே வரிசையில் சக்கரம் ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டில் வராது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரமும் மூக்கில் ரப்பர் ஸ்டாப்பரும் உள்ள குவாட் வேண்டும். ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்று கேளுங்கள். ஆக்ஸல், லுட்ஸ் என்று தாவல்களின் பெயர்கூட ஐஸில் உள்ளதுதான். ஹைதராபாத் அனூப் குமார் யாமா 2010 ஆசிய விளையாட்டில் இந்தப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். தமிழ்நாடு பலமாக இருப்பது ஸ்பீடில். ஆர்டிஸ்டிக் தெரிந்த கோச்சைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஷூ வாங்கும்போது "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். குதிகால் உள்ளே தூக்கினால் எட்ஜ் என்பதே கிடையாது. வழுக்கும் மொசைக் தரைக்கு மென்மையான சக்கரம், நல்ல பிடிப்புள்ள சிமென்ட்டுக்குக் கடினமானது. அடியிலிருக்கும் நட்டை ரொம்ப இறுக்கினால் ஸ்கேட் சாயவே சாயாது, தளர்த்தினால் ஆடும். பிள்ளையின் எடைக்குத் தக்கபடி கால்வாசிச் சுற்று கால்வாசிச் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். பேரிங்கில் தேங்காய் எண்ணெய் விடுவது நம்ம பக்கத்துப் பழக்கம். நம்ம ஊர்ப் புழுதியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். கழுவிக் காயவைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். சாரல் மாதங்களில் தரை லேசாக நனைந்திருந்தாலும் தாவல் வேண்டாம்.

ஸ்கேட் இல்லாத நாளில் தரைப் பயிற்சி: இடப்பக்கமாக ஒரு சுற்றுத் தாவி, வலது காலில் முழங்கால் மடித்து இறங்கி, இடது காலைப் பின்னால் நீட்டி மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். மொட்டைமாடி சிமென்ட்டில் வெறுங்காலோடு செய்தால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். பாய் விரிப்பும் ஷூவும் வேண்டும்.

சக்கரத்தில் கிடைக்காதது சறுக்கு. அதற்கு ஐஸ்தான். 2011 தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காக டேராடூனில் கட்டிய உள்ளரங்கம் இருக்கிறது. திருக்குறள் எக்ஸ்பிரசில் டெல்லி, அங்கிருந்து டேராடூன். பல வருஷம் மூடிக் கிடந்து மறுபடி திறந்த அரங்கம் அது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் போன் செய்து, ஐஸ் போட்டிருக்கிறார்களா, உங்கள் மகள் சைஸில் வாடகை ஷூ இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.