அழுற புள்ளய அழ விடுறதா?

கேள்வி: எண்ட மகளுக்கு மூணு மாசம். ராவையில ரெண்டு மூணு தரம் எழும்பி அழுறா. வெளிநாட்டு மச்சாள் வீடியோ அனுப்பி, தூக்காத, அழ விட்டா தானாப் படுத்துப் பழகும் எண்டுறா. மாமி எண்டா சத்தம் கேட்டதும் ஓடி வந்து ஏணைய ஆட்டுறாங்க. யார்ர சொல்லக் கேக்கிற?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: நான் மாமிர பக்கம்தான் தங்கச்சி. மூணு மாசப் புள்ளக்கி வகுறு சின்னன், தாய்ப்பால் கெதியாச் செமிச்சிரும், ராவு பகலும் இன்னும் சரியாப் பிடிபடாது, அப்ப எழும்பி அழுறது கெட்ட பழக்கம் இல்ல, பசி. தூக்கினா செல்லம் முத்திரும் எண்டு இந்த வயசுல பயப்பிடத் தேவல்ல. மச்சாள் சொல்ற முறைய 1985ல பிரபலமாக்கின அமெரிக்க டொக்டர் ரிச்சர்ட் ஃபேர்பர் கூட ஒரேயடியா அழ விடச் சொல்லல்ல, நேரத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி இடைக்கிடை போய்ப் பாக்கச் சொன்னார், அதுவும் இவ்வளவு சின்னப் புள்ளக்கி இல்ல. (வீடியோவுல இதெல்லாம் எங்க சொல்றாங்க!)

பால் குடுத்தும் அழுதா நாப்பியப் பாருங்க, கழுத்து மடிப்புல வேர்க்குரு இருக்கா, வலைக்குள்ள நுளம்பு பூந்திட்டா எண்டு பாருங்க, நம்மட வெக்கைக்கு கரண்டும் போனா பெரியாக்களுக்கே நித்திர வராது. ஒண்டு மட்டும் மாமிக்கிட்ட சொல்லுங்க, ஏணையில கண்ணயந்ததும் தூக்கி, தலகணி இல்லாமச் சமமான இடத்துல மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி. காய்ச்சல் 38 பாகைக்கு வந்தாலோ பால் குடிக்காமச் சோந்து கிடந்தாலோ விடியட்டும் எண்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க.

உங்களுக்கே ஏலாமப் போனா புள்ளயப் பாதுகாப்பாக் கிடத்திட்டு அஞ்சு நிமிசம் வெளிய நிண்டு வாங்க, ஆனா கோவத்துல புள்ளயக் குலுக்கிறாதீங்க. புள்ளட அப்பாவையும் எழுப்புங்க, அவருக்கும் கை இருக்குத்தானே.