ஆட்டிசம் உள்ள பிள்ளை தன்னைத் திருநங்கை என்றால் அது குழப்பமா?
காரைக்குடியில் பார்த்த டாக்டர் உங்கள் அக்கா மகளைப் பற்றி, "திருநங்கை என்பதெல்லாம் ஆட்டிசக் குழப்பம்" என்றாராம், சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. 2020-இல் வந்த பெரிய ஆய்வொன்றில், திருநர்களிடையே ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் எனத் தெரிந்தது. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

நல்ல ஆலோசகர் அவள் விரும்பும் பெயரில் அழைப்பார். சுற்றிவளைக்காமல் கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், எழுதிக் காட்டினாலும் ஏற்பார். கண்ணைப் பார்த்துப் பேசாததைக் குறையாக எழுதமாட்டார். "அவள் பாலின அடையாளத்தை மாற்றிக் காட்டுகிறேன்" என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது.

உள்ளூரில் ஆள் அமையாவிட்டால், அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

வீட்டுக் கல்யாணங்களில் வளவு நிறையக் கூட்டம் இரையும்போது அவள் ஒதுங்க ஓர் அறையைத் திறந்துவையுங்கள். ஆச்சிமார் ஏதாவது சொல்வார்கள்தான், சொல்லட்டும்.