கழுத்தில் போடுவது என்ன ஊசி?

கேள்வி: டாக்டர் அம்மா, நானும் வீட்டுக்காரரும் ஒப்பந்த முறையில் 5,000 கறிக்கோழி வளர்க்கிறோம். நோம்பிக்கு வந்த நாத்தனார், "இது வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்ட கோழி, தீவனத்திலும் தைராய்டு மருந்து கலக்கிறார்கள், என் பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். குஞ்சு இறங்கிய வாரத்தில் கழுத்தில் ஊசி போடுவதை நானே பார்க்கிறேன். அவருக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கழுத்து ஊசி. அது வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி. தோலைத் தூக்கிப் பிடித்து அடியில் சில சொட்டு மட்டும் போடுவார்கள். அடுத்த முறை புட்டியைக் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள். உங்கள் கொட்டகைக்குள் வருவது எது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வளர்ச்சி ஹார்மோன் வெளியிலிருந்து வருவதில்லை. கோழியின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலேயே ஊறுகிறது. குஞ்சு மளமளவென்று வளரும் முதல் சில வாரங்களில் ரத்தத்தில் அதிகமாக இருக்கும், வயது ஏற ஏறக் குறைந்துவிடும். அது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் சோயாவைப் போலவே குடலில் செரித்துப் போகும். ஊசியாகப் போட்டால் சில மணி நேரத்தில் கரைந்துவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒரே ஒரு தடுப்பூசிக்கு 5,000 குஞ்சுகளைப் பிடிக்க எத்தனை ஆள் தேவை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியே ஆய்வுக்கூடங்களில் போட்டுப் பார்த்தவர்களுக்கும், நல்ல ஆரோக்கியமான கறிக்கோழியில் சொல்லிக்கொள்ளும்படி எடை கூடவில்லை.

ஏன் கூடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கழுத்து நெஞ்சுக்குள் இறங்கும் இடத்தில், மூச்சுக்குழலின் இருபுறமும் சிவப்பாக இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கும். அவைதான் தைராய்டு. அங்கே பெரும்பாலும் சுரப்பது டி4 என்ற ஹார்மோன். அது ஈரல் போன்ற உறுப்புகளில் டி3 என்ற வடிவத்துக்கு மாறிய பிறகுதான் முழு வேலை செய்யும். அந்த டி3-ஐ அழிக்கும் நொதி ஒன்றும் ஈரலில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அந்த நொதியை அடக்கி வைக்கிறது, அதனால் டி3 நிலைத்து நிற்கிறது. டி3 அளவு மீறினால் அதுவே பிட்யூட்டரிக்குப் போய் வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்கச் சொல்லும். ஒன்றை ஒன்று தாங்கவும் செய்கிறது, அடக்கவும் செய்கிறது. தைராய்டு வேலை செய்யாத குஞ்சின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏறியே இருக்கும், ஆனால் குஞ்சு வளராது. தைராய்டு ஹார்மோனை வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்தாலோ தின்ற தீவனமெல்லாம் உடல் சூடாக எரிந்துபோய் எடை குறையும். எடைக்குக் காசு வாங்குகிறவர் யார் அதைக் கலப்பார்?

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹட் என்ற மரபியல் ஆய்வாளர் 1950-களில் விவரித்த ஒரு குள்ளக் கோழி உண்டு. அதன் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் சாதாரணக் கோழியைவிட அதிகம். ஆனால் உடலின் செல்களில் அந்த ஹார்மோனை ஏற்கும் வாங்கி பழுதானது. தபால் வந்துகொண்டே இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆளில்லை. டி3-யும் அதில் குறைவு. கோழி குள்ளமாகவே நின்றுவிடும். ஹார்மோனை ஊற்றினால் கோழி பெருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இந்தக் கோழியைத்தான் சொல்வேன்.

சரி, அப்படியானால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி? வித்துதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய காலத்து இனங்களை ஒன்றாக வைத்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் முதல் இனம் 905 கிராம், அடுத்தது 1,808 கிராம், கடைசி இனம் 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகப் பெருத்ததையே பொறுக்கி இணை சேர்த்ததன் பலன் அது.

நாத்தனார் பயப்படுவதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் 1940-களின் இறுதியில் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் மாத்திரையைச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் நிஜமாகவே வைத்தார்கள். கோழிக்கு அது 1959-ல் நிறுத்தப்பட்டது. இன்று பண்ணைகளில் என் கவலை ஆன்டிபயாடிக் மேல்தான். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. கறிக்கு அனுப்புவதற்கு முன் மருந்தை நிறுத்த வேண்டிய நாட்களைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று நாத்தனார் கேட்டிருந்தால், அது சரியான கேள்வி.

தைராய்டு நிஜமாகவே கெட்ட ஒரு பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். 1990-களின் கடைசி. தீவனச் செலவைக் குறைக்க ஒருவர் மலிவாகக் கிடைத்த கடுகுப் புண்ணாக்கை அளவில்லாமல் கலந்து, தாது உப்புக் கலவையையும் நிறுத்திவிட்டார். ஐந்து வாரக் குஞ்சு மூன்று வாரக் குஞ்சு மாதிரி இருந்தது. இறகு மட்டும் நீளமாய், பிரிபிரியாய்த் தொங்கியது. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தேன். தைராய்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. கடுகுப் புண்ணாக்கில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, அயோடினும் இல்லாமல் போனதால் சுரப்பி வீங்கியதுதான் மிச்சம். புண்ணாக்கை நிறுத்தி, தாது உப்பைத் திரும்பச் சேர்த்தபின் அடுத்த பேட்ச் சரியாக வந்தது. ஆனால் அந்த பேட்ச் போனது போனதுதான். தீவனச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மனிதர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. சொந்தமாகத் தீவனம் அரைக்கிறவர்கள் தயவுசெய்து தாது உப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் என் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு எடையே ஏறவில்லை. என் அம்மா சாப்பிடும் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் தேறும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. வெயிலில் கோழி தன் உள் சூட்டைக் குறைத்துக்கொள்ளத் தானாகவே டி3-ஐக் குறைக்கிறது. தீனி குறைந்தாலும் டி3 சீக்கிரமே இறங்கும், மறுபடி தின்றால் ஏறும். அந்த நேரத்தில் நீங்கள் மாத்திரை கொடுத்தால், சூட்டில் தவிக்கும் குஞ்சுக்குள் இன்னும் சூட்டைக் கூட்டுகிறீர்கள். செத்தே போகலாம்.

விடியற்காலை நான்கரை ஐந்து மணிக்கே தீனி வையுங்கள். பத்து மணிக்கு மேல் தீனித் தட்டை எடுத்துவிட்டு, வெயில் சாய்ந்தபின் மறுபடி வையுங்கள். தகரக் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி மதியம் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். குடிதண்ணீரை மண்பானையில், நிழலில் வையுங்கள். குழாயில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரைக் குஞ்சு தொடாது. அப்புறம், அம்மாவின் மாத்திரை அம்மாவுக்கே இருக்கட்டும், அவர் ஒரு நாள் கூட விடாமல் சாப்பிட வேண்டியது அது.