வட்டம் ஏன் முட்டையாகிறது? மானிட்டர் கேள்வி-பதில்

புது அகலத்திரை மானிட்டர் மாட்டினேன். வட்டம் வரைந்தால் முட்டையாகத் தெரிகிறது, முகங்களெல்லாம் உப்பிவிட்டன. பிக்சலே, அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியுமே, செவ்வகமாக இருக்குமோ? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இன்றைய கணினி மானிட்டர்களில் பிக்சல் அநேகமாகச் சதுரம்தான். 24 அங்குல 1920×1080 திரையில் ஒரு பிக்சலின் அகலமும் உயரமும் சுமார் 0.277 மி.மீ. உங்கள் கணினி 1024×768 போன்ற 4:3 படத்தை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) அனுப்ப, மானிட்டர் அதை 16:9 திரை முழுக்க இழுத்துப் பரப்புகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும்.

டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்தத் திரைக்கே உரிய ரெசல்யூஷனை (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் என்ற எண்ணிக்கை) தேர்ந்தெடுங்கள். பட்டியலில் அது இல்லாவிட்டால் கிராபிக்ஸ் டிரைவர் (திரைப்படத்தை இயக்கும் மென்பொருள்) சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், பெயிண்டில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு சதுரம் வரைந்து, திரைமேலேயே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தால் வேலை முடிந்தது.

பழைய விளையாட்டு ஏதாவது 4:3-இல்தான் ஓடும் என்றால், மானிட்டர் மெனுவிலோ கிராபிக்ஸ் கார்டு செட்டிங்கிலோ விகிதம் மாறாமல் காட்டச் சொல்லுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். இடம் வீணாகிறதே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். இழுத்துப் பிதுக்கிய முகத்தைப் பார்ப்பதைவிட அந்தப் பட்டை எவ்வளவோ மேல்.

1280×1024 என்றால் படம் கோணும் என்கிறார் நண்பர். என் 19 அங்குல எல்சிடி-யில் கோணவே இல்லையே?

நீங்கள் இருவரும் சொல்வது சரிதான், ஆனால் வேறு வேறு மானிட்டருக்கு. 1280×1024 என்பது 5:4 விகிதம். உங்கள் எல்சிடி-யின் பேனலே 5:4 வடிவில் செய்யப்பட்டது, அதனால் பிக்சல் சதுரமாக இருக்கிறது. பழைய பிக்சர் டியூப் மானிட்டரின் திரையோ 4:3. அதில் இதே ரெசல்யூஷனை வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 7 சதவீதம் அகன்றுவிடும். அதற்குப் பொருந்துவது 1280×960.

டியூப் மானிட்டரில் நிலையான பிக்சல் என்று ஒன்று கிடையாது. எலக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடிப் படத்தை வரைகிறது, புள்ளியின் வடிவம் நாம் வைக்கும் ரெசல்யூஷனையும் அகல உயரக் கட்டுப்பாடுகளையும் பொறுத்தது. 1987-இல் வந்த விஜிஏ (கணினித் திரைக்கான காட்சித் தரம்) தந்த 320×200 முறையில் புள்ளிகள் அகலத்தைப் போல 1.2 மடங்கு உயரமானவை. அக்கால விளையாட்டுகள் பலவற்றின் ஓவியங்கள் அந்த நெட்டைப் புள்ளிகளுக்காக வரையப்பட்டவை. இன்றைய சதுரப் பிக்சலில் அப்படியே திறந்தால் பாத்திரங்கள் குள்ளமாகிவிடும். வரைந்தவர் கண்ட உருவத்தை நாமும் காண வேண்டாமா? அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்குங்கள். 1600×1200 கிடைக்கும், விகிதமும் 4:3 ஆகிவிடும். முழு எண் மடங்கு என்பதால் மங்கவும் மங்காது.

திருமண டிவிடி-யைக் கணினிக்கு மாற்றினோம். எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறார்கள்.

பால் (PAL) எனும், இந்தியாவில் வழங்கிய டிவி முறைப்படியான டிவிடி-யில் படம் பொதுவாக 720×576 என்றே பதிவாகும். 4:3 படமானாலும் 16:9 படமானாலும் இதே எண்தான். எந்த விகிதத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்பது தனிக் குறிப்பாகக் கூடவே இருக்கும். மாற்றும்போது அந்தக் குறிப்பு தொலைந்திருக்கிறது, படம் கெடவில்லை. விஎல்சி பிளேயரில் ‘ஏ’ விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறும். 16:9-இல் வண்டிச் சக்கரமோ சுவர்க் கடிகாரமோ வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மூல டிவிடி-யைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

டிவியை மானிட்டராக்கினால் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன.

இது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுவது. டிவியின் படவடிவ மெனுவில் அதை நிறுத்துங்கள்.

மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பியதும் எழுத்தோரங்களில் நிறம் கசிகிறது.

ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. விண்டோஸின் கிளியர்டைப் என்ற எழுத்து வசதி அந்த வரிசையை நம்பித்தான் எழுத்தை மெருகேற்றுகிறது. திருப்பியதும் கீற்றுகள் மேலும் கீழுமாகிவிடுகின்றன. கிளியர்டைப்பை அணைத்துப் பாருங்கள்.

விளையாட்டில் நடுவில் எல்லாம் சரி, ஓரத்தில் மட்டும் உருவங்கள் நீள்கின்றன. பேனல் கோளாறா?

இல்லை, பேனலில் குறை எதுவும் இல்லை. பார்வைக் கோணம் என்பது விளையாட்டு ஒரே சமயத்தில் எவ்வளவு அகலக் காட்சியைக் காட்டுகிறது என்பது. அகன்ற பார்வைக் கோணத்தைத் தட்டையான பரப்பில் விரித்தால் ஓரம் இழுபடத்தான் செய்யும். 53 செ.மீ. அகலத் திரையில் 100 டிகிரிக் கோணம் வைத்தால், அந்தப் படத்துக்குச் சரியான தூரம் சுமார் 22 செ.மீ. முகத்தை அவ்வளவு பக்கத்தில், நடுவுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பாருங்கள், நீட்சி மறைந்துவிடும். அப்படி உட்கார்ந்து விளையாட முடியாதே! கோணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.